கவுதாரி நிரப்பிய மேகப் பெட்டி

இலந்தைக்காட்டில், குட்டைக்கரைப் புதரில் ஒரு கவுதாரி இருந்தாள். பெயர் வள்ளிக்கண்ணு. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். நாலு அடி ஓடுவாள், நிற்பாள், போனை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். வைத்த கையோடு மறுபடி எடுப்பாள்.

கவுதாரியிடம் போனா என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் எல்லார் கையிலும் போன் இருந்தது. கை இல்லாதவர்கள் காலில் வைத்திருந்தார்கள். பாம்பு எதில் வைத்திருந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது. கிட்டப் போய்ப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா?

அன்றைக்கு வள்ளிக்கண்ணுக்கு வழக்கத்தைவிட இருப்புக் கொள்ளவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் தேனரசி, முதல் முட்டை வைக்கும் சமயம் அது. கவுதாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மகள் முதன்முதலாக அடைகாக்கும்போது தாய் துணைக்குப் போக வேண்டும். தாய் முட்டை மேல் உட்கார்ந்தால்தான் மகள் எழுந்து போய் நாலு பூச்சி கொத்தித் தின்ன முடியும். மாப்பிள்ளை இருக்கிறானே என்பீர்கள். இருக்கிறான், காலில் முள் குத்தி வீங்கிப்போய், முட்டை மேல் மடக்கி உட்கார முடியாமல் நொண்டிக்கொண்டு இருக்கிறான்.

கவுதாரி தரையில் கூடு கட்டும் பறவை. கூடு இருக்கும் இடத்தை வாய்விட்டுச் சொன்னால் காடு முழுக்கத் தெரிந்துவிடும். போனில் பேசலாம் என்றால் நடுவே மலை நிற்கிறது, பாதி வார்த்தை இந்தப் பக்கம் வருவதே இல்லை. அதனால் தேனரசி போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அம்மா, முட்டை வச்சதும் உனக்கு மட்டும் மெயில் போடுறேன். கூடு எங்க இருக்குன்னு அதுல இருக்கும். பார்த்ததும் கிளம்பி வந்துடணும்!"

"வராம? நீ போடு, நான் பறந்து வர்றேன்!" என்றாள் வள்ளிக்கண்ணு.

மெயில் வரவில்லை. காலையில் பார்த்தாள், இல்லை. வெயில் ஏறியதும் பார்த்தாள், இல்லை. போனின் நெற்றியில் சிவப்பாக ஓர் அறிவிப்பு மட்டும் வந்து நின்றது. "உங்கள் மேகப் பெட்டி நிரம்பிவிட்டது. இனி புதிய மெயில் எதுவும் வராது." அவள் அதைப் படித்தால்தானே!

"விளம்பரக்காரனுங்களுக்கு வேற பொழப்பே இல்ல!" என்று அலகால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள். இப்படித் தள்ளுவது அவளுக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் இருந்தே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மேகப் பெட்டி என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. போனில் வருவது, எடுப்பது எல்லாம் தொலைந்து போகாமல் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, இலவசம். ஆனால் பெட்டி என்றால் அதற்கு ஒரு மூடியும் அளவும் இருக்கத்தானே செய்யும்? இலவசமாக வந்ததற்கு அளவு ஏது என்று நினைத்தவள் நம் வள்ளிக்கண்ணு.

அவள் புதருக்கும் குட்டைக்குமாக ஓடிக்கொண்டிருந்தபோது, மலையைத் தாண்டி வந்த மைனா ஒன்று இலந்தைக் கிளையில் உட்கார்ந்தாள். மரகதம் என்று பெயர், வாயில் எதுவும் தங்காது.

"என்னக்கா, இங்கயா இருக்கீங்க? உங்க மக முட்டை வச்சுட்டாளாமே! நீங்க அங்க இருப்பீங்கன்னு நெனச்சேன்!"

வள்ளிக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"முட்டை வச்சுட்டாளா? யாரு சொன்னா?"

"அவளேதான் சொன்னா. ஓடைக்கரையில பார்த்தேன். அவசரமா ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடுறா. இளைச்சு எலும்பும் தோலுமா இருக்கா. அம்மாவுக்கு மெயில் மேல மெயில் போடுறேன், ஒவ்வொண்ணும் திரும்பி என்கிட்டயே வருது, அம்மாவுக்கு என்னை வேண்டாம் போலருக்குன்னு ஒரே அழுகை!"

"அடிப்பாவி மகளே! நான் வேண்டாம்னு சொல்வேனா? கூடு எங்க இருக்குன்னு சொன்னாளா?"

"என்கிட்டயா? நல்லா சொன்னா!" என்று மைனா சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பக்கம் ஒரு சாரைப்பாம்பு புல்லைத் தடவிக்கிட்டே திரியுது. சீக்கிரம் போங்க!"

வள்ளிக்கண்ணு மலையைத் திரும்பிப் பார்த்தாள். போகச் சொல்கிறாளே, எங்கே போவது? மலைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் கோரைப்புல். அதில் ஒரு கவுதாரிக் கூட்டைத் தேடுவதற்குள் முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, அதுவும் முட்டை வைத்துவிடும். கூவித் தேடலாம் என்றால் பாம்புக்கும் சேர்த்து வழி காட்டியதாகிவிடும். மெயில் வந்தால்தான் வழி.

தலைகால் புரியாமல் ஓடினாள். பனைமரத்தடியில் நரி நல்லதம்பி உட்கார்ந்திருந்தான். "மேகப் பெட்டி சுத்தம் செய்து தரப்படும்" என்று மட்டையில் எழுதி மாட்டியிருந்தான். பெற்றவர்கள் எந்த நம்பிக்கையில் அந்தப் பெயரை வைத்தார்களோ!

"அண்ணே! எனக்கு மெயில் வரமாட்டேங்குது!"

"இதுக்கா இந்த ஓட்டம்? மூச்சு வாங்கு தங்கச்சி!" என்று நரி போனை வாங்கிப் பார்த்தான். "பெட்டி ரொம்பிப் போச்சு. நான் காலி பண்ணித் தர்றேன். எனக்கு எதுவும் தர வேண்டாம். பாஸ்வேர்டை மட்டும் சொல்லிட்டுப் போய் நிழல்ல உட்காரு."

"பாஸ்வேர்டா? அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு..."

"யார்கிட்டயும்தான் சொல்லக் கூடாது. நான் யாரோவா? அண்ணன் இல்லையா?"

அவசரத்தில் இருப்பவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "தேனரசி... அப்புறம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஆங், தேனரசி. அப்புறம்? சொல்லு சொல்லு. மெயில் வந்ததும் நானே படிச்சு, கூடு எங்கன்னு உனக்குச் சொல்லிடறேன். எத்தனை முட்டைன்னு சொன்னா? பெரிய முட்டையா?"

சொல்லும்போதே நரியின் வாயிலிருந்து எச்சில் ஒழுகிப் போன் மேல் சொட்டியது. வள்ளிக்கண்ணு அந்தச் சொட்டைப் பார்த்தாள். நரியின் வாயைப் பார்த்தாள். கூடு என்று அவனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே! மைனா பேசியதை இவனும் கேட்டுவிட்டான் என்று அப்போதுதான் உறைத்தது.

போனைக் காலால் பறித்துக்கொண்டு விர்ரென்று எழும்பினாள்.

"தங்கச்சி! பாதிதான் சொல்லியிருக்கே!" என்று நரி பின்னாலிருந்து கத்தினான்.

அவள் போய் விழுந்த இடம் பாறை இடுக்கு. அங்கே முள்ளெலி பட்டம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டு என்று பெயர்தான், தொட்டவர்களுக்குத் தெரியும் சங்கதி. இருவரும் சின்ன வயசுத் தோழிகள். பகலில் எழுப்பினால் பட்டம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"பட்டு! ஏய் பட்டு! எழுந்திருடி!"

"சூரியன் போனப்புறம் வா!"

"பாம்பு வந்துடும்டி! என் பேரப்பிள்ளைங்க!"

பட்டம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். நடந்ததைக் கேட்டதும் மறு கண்ணையும் திறந்தாள். அதே நேரத்தில் போன் சிணுங்கியது. "யாரோ உங்கள் பெட்டியைத் திறக்க முயற்சி செய்கிறார்கள்!"

"அந்த நரிதான்! தேனரசி ஒண்ணு, தேனரசி ரெண்டுன்னு அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பான். முதல்ல பாஸ்வேர்டை மாத்துடி!" என்று பட்டம்மா அதட்டினாள். மாற்றினார்கள். புதிய பாஸ்வேர்டு என்ன என்று எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

"இப்ப சொல்லு, பெட்டியில அப்படி என்னதான் வச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லடி! எனக்கு வர்ற மெயிலே கொஞ்சம். அதுவா ரொம்பியிருக்கும்?"

"மெயிலுக்குத் தனிப் பெட்டி, போட்டோவுக்குத் தனிப் பெட்டின்னு நெனச்சியா? எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பெட்டி! நீ போட்டோவா எடுத்துத் தள்ளினா மெயில் எங்க வந்து உட்காரும்? வீடு முழுக்க மூட்டையை அடுக்கிட்டு, விருந்தாளி வாசலோட திரும்பிட்டாங்கன்னு அழுதா யாரு என்ன பண்ண முடியும்? கொடு இப்படி!"

பட்டம்மா பெட்டியைத் திறந்தாள். குட்டைத் தவளைகளின் மழைக் கச்சேரி, முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை முழுசாக ஒரு வீடியோ. அதே கச்சேரி, போன வருஷத்தது. அதற்கும் முந்தின வருஷத்தது. ஒரே கறையான் புற்று, காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போட்டோ. கிளிகள் நாள் தவறாமல் அனுப்பிய பூப்போட்ட காலை வணக்கங்கள். அதற்குப் பிறகு மழைசாமி படங்கள், எண்ணி மாளாது.

"இத்தனை சாமி படம் எதுக்குடி?"

"எல்லாரும் அனுப்புறாங்க. அழிக்க முடியுமா? சாமி படத்தை அழிச்சா மழை பெய்யுமா? கொழுப்பெடுத்துப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களா?"

"காலை வணக்கம்?"

"அன்பா ஒருத்தர் அனுப்பினதை எப்படிடி அழிக்கிறது?"

"உன்னைப் பெத்தவங்க உனக்கு மூளை வைக்க மறந்துட்டாங்க!" என்றாள் பட்டம்மா. "சரி, நிதானமா கேளு. எது அதிக இடத்தைப் பிடிக்குதுன்னு முதல்ல பார்ப்போம். பெருசை முதல்ல எடுத்தா..."

நிதானமாவது! வள்ளிக்கண்ணின் கண் முன்னால் புல் அசைந்தது, பாம்பு ஊர்ந்தது. போனைப் பிடுங்கினாள். "எல்லாம்" என்று இருந்த இடத்தில் ஒரு கொத்து. "அழி" என்று இருந்த இடத்தில் ஒரு கொத்து. முடிந்தது கதை.

"என்னடி பண்ணினே?" என்று பட்டம்மா அலறினாள்.

"அழிச்சுட்டேன்! போன்ல அழிச்சா என்ன, மேல பெட்டியில பத்திரமாத்தானே இருக்கும்?"

"மேல இருக்கிறதும் இங்க இருக்கிறதும் ஒண்ணுதான்டி! இங்க அழிச்சா அங்கயும் போச்சு! அங்கயும் இருக்கும்னா உனக்கு எப்படி இடம் கிடைக்கும்? யோசிக்க வேண்டாமா?"

வள்ளிக்கண்ணுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தேனரசி முட்டையிலிருந்து வெளியே வந்த அன்று எடுத்த வீடியோ! உடைந்த ஓடு தலையில் தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருக்க, தள்ளாடித் தள்ளாடி அவள் நடந்த முதல் நடை. அதுவும் அந்தக் கும்பலில்தான் இருந்தது.

"ஐயோ, என் பொண்ணு நடந்தது போச்சே!" என்று இறக்கையால் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே போனைப் பார்த்தாள். சிவப்பு அறிவிப்பு அப்படியே நின்றது. பெட்டி நிரம்பிவிட்டது!

"எல்லாம் போச்சு, இடமும் வரலையே! இது என்னடி அநியாயம்!"

"வாயை மூடு. நல்லவேளை, இன்னும் எதுவும் போகல. அழிச்சதெல்லாம் இப்ப குப்பைத் தொட்டியில கிடக்கு. கொஞ்ச நாளைக்கு அங்கதான் கிடக்கும். அந்தத் தொட்டி யார் வீட்டுல இருக்கு? உன் வீட்டுலதான்! தொட்டியைக் கொட்டினாத்தான் இடம் கிடைக்கும். கொட்டிட்டா அப்புறம் யாராலயும் திருப்பித் தர முடியாது."

"கொட்டு! கொட்டிடு! நேரமில்ல!"

"உன் பொண்ணு நடந்ததையும் சேர்த்தா?"

வள்ளிக்கண்ணு கொத்தப் போன அலகை நிறுத்தினாள். அவள் கால் தரையைப் பிறாண்டியது. ஒரு பக்கம் பாம்பு, ஒரு பக்கம் அந்தக் குட்டி நடை. "தேடுறேன்டி. ஆனா சீக்கிரம், சீக்கிரம்!" என்றாள்.

தொட்டிக்குள் தேடினாள். தவளை, தவளை, கறையான் புற்று, பூ, பூ, தவளை. திடீரென்று வீலென்று கத்தினாள்.

"பட்டு! மழைசாமி குப்பைத் தொட்டியில கிடக்குறாரு! நான் பாவி!"

"அடச்சீ! சாமி உன் போன்லயா குடியிருக்கு? வானத்துல இருக்கு. உன் பேரப்பிள்ளைங்களைப் பாம்பு தின்னாலும் பரவாயில்ல, என் படத்தைப் பத்திரமா வைன்னா சாமி சொல்லும்? ஒரே ஒரு படத்தை வச்சுக்கோ. கும்பிட ஒண்ணு போதும்."

வள்ளிக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு படத்தை மட்டும் எடுத்து வைத்தாள். இன்னும் கீழே போனாள். தவளைக் கச்சேரிகளுக்கு அடியில், நசுங்கினாற்போல் கிடந்தது அந்தக் குட்டி வீடியோ. ஓட்டுத் தொப்பியும் தள்ளாட்டமும் அப்படியே இருந்தன. அதைத் திரும்ப எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது, அத்தனை குப்பை மேலே.

"இப்ப கொட்டு," என்றாள் பட்டம்மா.

கொட்டினாள். "நிரந்தரமாக அழிக்கவா?" என்று கேட்டது போன். "அழிச்சுத் தொலை!" என்றாள். சிவப்பு அறிவிப்பு மறைந்தது. பெட்டி கிட்டத்தட்ட முழுசும் காலி.

வள்ளிக்கண்ணு போனையே முறைத்துக்கொண்டு நின்றாள். நாலு அடி ஓடினாள், திரும்பி வந்தாள், பார்த்தாள்.

"எங்கடி மெயில்?"

"திரும்பிப் போனது திரும்பிப் போனதுதான். அவ மறுபடி அனுப்பணும். எழுது அவளுக்கு!"

எழுதினாள். "தேனு, தப்பு என்னோடதுதான். பெட்டியில இடமில்லாமப் போச்சு. இப்ப இருக்கு. கூடு எங்கன்னு மறுபடி அனுப்பு. அம்மா கிளம்பிட்டேன்." அனுப்பிவிட்டு மலையைப் பார்த்தே ஓடத் தொடங்கினாள். பதில் வரும்வரை உட்கார்ந்திருக்க அவளால் ஆகுமா? பட்டம்மா பின்னாலிருந்து, "பார்த்துப் போடி! நரி பின்னால வர்றானான்னு பாரு!" என்று கத்தினாள். நரி வரவில்லை. பனையடியில் இன்னும் பாஸ்வேர்டுதான் அடித்துக்கொண்டிருந்தான்.

மலையில் ஏறும்போது மெயில் வரவில்லை. உச்சியில் நின்று பார்த்தாள், வரவில்லை. மகளுக்குக் கோபமா? மகளே உயிரோடு இல்லையா? மனசு கண்டதையும் நினைத்தது. இறங்கும்போது போன் சிணுங்கியது.

"ஓடைக்கு மேற்கே, ரெட்டைப் பாறைக்கு நடுவுல, காய்ஞ்ச கோரைக்கு அடியில. அம்மா, சீக்கிரம்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. வள்ளிக்கண்ணு ஓடினாள், பறந்தாள், விழுந்தாள், மறுபடி ஓடினாள். வெயில் சாய்வதற்குள் ரெட்டைப் பாறையை அடைந்தாள்.

பாம்பு அங்கே இல்லை. வந்து போயிருந்தது. கூட்டின் ஓரம் கலைந்து கிடந்தது. மாப்பிள்ளை நொண்டிக் காலோடு பாறை மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், அவன் கழுத்தில் இறகு பிய்ந்திருந்தது. தேனரசி முட்டைகளின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தும் எழவில்லை.

"எத்தனை?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"ஆறு வச்சேன். பசி தாங்கல, ஓடைக்கரை வரைக்கும் போனேன். நான் வர்றதுக்குள்ள ரெண்டைத் தின்னுடுச்சு. அவரு இல்லேன்னா எல்லாம் போயிருக்கும்." தேனரசி நிமிர்ந்தாள். "உன் பெட்டியில அப்படி என்னம்மா இருந்துச்சு?"

வள்ளிக்கண்ணுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தவளைக் கச்சேரி," என்றாள்.

"அதுக்கு இடம் இருந்துச்சு. எனக்கு இல்லையாம்மா?"

வள்ளிக்கண்ணு மகளின் பக்கத்தில் போய், "எழுந்திரு கண்ணு. போய் வயிறார இரை எடுத்துட்டு வா. நான் உட்கார்றேன்," என்றாள்.

தேனரசி எழுந்து இடம் விட்டாள். வள்ளிக்கண்ணு நாலு முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். இரண்டு முட்டை இருந்த இடம் அவள் வயிற்றுக்கு அடியில் குளிர்ந்து கிடந்தது. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காத அந்தக் கவுதாரி, குஞ்சு பொரியும்வரை அங்கிருந்து அசையவில்லை.

வேண்டாததை விட மனசில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர், உயிருக்கு உயிரானவர் வந்து கூப்பிடும்போது இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.